இரண்டு சுற்று ஃபிலிம்

பசித்த செடி சும்மா இருக்காது. மண்ணில் பாஸ்பரஸ் குறைந்தால் ஆக்சின் என்ற ஹார்மோன் வேர்நுனியில் கூடும். வேர்த்தூவிகள் நீண்டு, எட்டுகிற இடமெல்லாம் துழாவும். என் புது மக்காச்சோளம் இதில் கெட்டிக்காரி. சத்தில்லாத ஜெல்லில், மூடிய தட்டுக்குள், வேரெல்லாம் தூவியாக நின்றது. பக்கத்துத் தட்டில் பழைய ரகம் மொட்டை வேரோடு கிடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்ணில் சோதித்துப் பார்க்கக்கூடப் பொறுமையின்றி, விதையைப் பெருக்கி அண்ணியிடம் கொடுத்தேன்.

"அடியுரமே வேண்டாம் அண்ணி."

அவர்களுக்கு அந்த ஒரு வயல்தான் சோறு.

போன வாரம் ஆய்வகத்தில் தட்டுகளைச் சுற்றி மூடும் பிளாஸ்டிக் ஃபிலிம் தீர்ந்துவிட்டது. புது ரகத் தட்டுகளையும் மருந்துக்கடைத் துணி டேப்பால் ஒட்டினேன். இன்று திறந்தால், மொட்டை வேர்!

முதன்முதலில் கையில் இருந்தது ஒரு பிடி விதைதான். பூஞ்சைக்குப் பயந்து புது ரகத்தை மட்டும் காற்றுப் புகாமல் ஃபிலிமால் இரண்டு சுற்று சுற்றியிருந்தேன். பழைய ரகத்துக்குக் காற்றுப் போய்வரும் துணி டேப் போதும் என்ற அலட்சியம். செடி விடுகிற எத்திலீன் வாயுவும் ஹார்மோன்தான். வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, தூவியை வளர்த்தது அதுதான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை!

அண்ணியை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. அடியுரம் விதையோடு போக வேண்டியது. இனி மேலே தூவினால் பாஸ்பரஸ் மண்ணில் இறங்கி வேருக்கு எட்டாது. தெரிந்தும் அழைத்தேன்.

ஒருவழியாக வீடியோவில் வந்தாள். "வாங்க விஞ்ஞானி! வயல்லதான் நிக்கிறேன். உன் பயிரப் பாரு, என்ன கலரு!"

குட்டைப் பயிர். இலையெல்லாம் ஊதா. பட்டினியின் நிறம் அது.

"ஒண்ணப் பிடுங்கிக் காட்டுங்க அண்ணி."

"உன் புள்ளையவா?" சிரித்துக்கொண்டே பிடுங்கினாள். மொட்டை வேர்.

"அண்ணி... நான் தப்புப் பண்ணிட்டேன். இது பசி தாங்காது."

அவள் சிரிப்பு நின்றது. கையிலிருந்த செடியையே பார்த்தாள்.

"விதைக்கிற அன்னைக்கே உரம் போடணும்னு உங்க அண்ணன் தலையால அடிச்சுக்கிட்டாரு. நான்தான் விடல. என் நாத்தனார் சொன்னா சரியா இருக்கும்னு அவர் வாய அடைச்சேன். இப்ப அவருக்கு என்ன சொல்லட்டும், நீயே சொல்லு."