ராக்கொடிக்குள் அரக்கு

மலையாள தேசத்தில் தமிழர்கள் குடியிருக்கும் வலியசாலையில் ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அப்பேர்ப்பட்ட தெருவில் மொட்டைமாடியில் கல் தேய்க்கும் சக்கரத்தை ஓட்டிக்கொண்டு, அது யாருக்கும் கேட்காது என்று நம்பியவர் குற்றாலலிங்கம்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ரிட்டயரான மனிதர். பெண்டாட்டி கௌசல்யா போய்ச் சேர்ந்த பிறகு பொழுது போகவில்லை. மற்றவர்கள் கோயில் குளம் என்று போவார்கள், சீட்டாடுவார்கள். இவர் வெள்ளிவேலை படிக்கக் கிளம்பினார். வாத்தியார் யூடியூப். கேஸ் டார்ச், பற்றவைக்க வெங்காரம், பட்டை தீட்டும் சக்கரம் எல்லாம் கூரியரில் வந்து இறங்கின. பொன்முடி மலைக்குப் போனபோது ஓடையில் பொறுக்கி வந்த கல்லை வாரக்கணக்கில் தேய்த்தார். தேயத் தேய இன்னும் கொஞ்சம் பளபளப்பு வரும் என்று ஆசை. கடைசியில் கையில் இருந்தது பட்டாணி அளவு. முதலில் செய்த மோதிரமோ தெருவில் எந்த விரலுக்கும் சேரவில்லை.

சேர்ந்தது மகள் மீனுவின் கட்டைவிரலுக்கு மட்டும். அதை அவள் டெக்னோபார்க் ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போனாள். கேட்டவர்களிடம் எல்லாம் "எங்க அப்பா செஞ்சது" என்றாள். ஊரே சிரித்த மனிதரைச் சிரிக்காமல் பார்த்தது அவள் ஒருத்திதான். அது போதும் என்று இருந்தார் அவர்.

மீனுவுக்குக் கல்யாணம் வந்தது. கௌசல்யா தன் கல்யாணத்தில் பின்னந்தலையில், சடைக்கு மேலே வைத்த வட்ட ராக்கொடியை எடுத்துப் பார்த்தால், பின்பக்கத்துக் கொக்கி உடைந்திருந்தது. வெள்ளியில் செய்து பொன் பூசிய, கல் நகைக்குப் பேர்போன வடசேரி வேலை. முகம் முழுக்கச் சிவப்புக் கெம்பு.

"வடசேரிக்கே கொடுத்து விடுவோம்" என்றாள் குற்றாலலிங்கத்தின் அக்கா சிவகாமியம்மாள்.

"அப்பா இருக்காங்கல்லா, அத்தே? பெறகு எதுக்கு வடசேரி?" என்றாள் மீனு. அதோடு விட்டாளா? மாப்பிள்ளை சுதீஷின் அம்மாவிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

குற்றாலலிங்கம் அலட்சியமாகச் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது. சிவப்புக் கல் சூடு தாங்குமா என்று விசாரித்தார். தாங்கும் என்றார்கள். ஒரே இடத்தில் சூடு காட்டினால் கொக்கி பற்றாது, வெள்ளி முழுக்கச் சீராகக் காய வேண்டும் என்று வெள்ளைக்காரன் ஒருவன் வீடியோவில் சொல்லியிருந்தான். அப்படியே செய்தார், கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம்.

அந்த வெள்ளைக்காரன் ராக்கொடியைக் கண்டானா? நம் ஊர்க் கல் நகையில் கல்லுக்கு அடியில் பளபளவென்று ஒரு மெல்லிய தகடு. தகட்டுக்கு அடியில் வயிறு நிறைய அரக்கு. கல்லைப் பிடித்து வைத்திருப்பதே அந்த அரக்குதான். கொக்கி பற்றுவதற்குள் ராக்கொடி நுரை தள்ளியது. அரக்கு கொதித்து வழிய, கெம்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று தட்டில் விழுந்தன. பதறி டார்ச்சைத் தள்ளி, தட்டில் தண்ணீரை ஊற்றினார். நடுக்கல் டிக்கென்று இரண்டாகப் பிளந்தது.

அவர் அழவில்லை. அழ நேரம் இல்லை. தேய்த்துப் பழக வாங்கி வைத்திருந்த சிவப்புக் கல்லைச் சக்கரத்தில் வைத்து, நடுக்கல் அளவுக்குத் தேய்க்க ஆரம்பித்தார். நகக்கண்ணில் ரத்தம் வந்தது, கவனிக்கவில்லை. தேய்த்ததைக் குழியில் வைத்துப் பார்த்தார். கறுப்பாக இருந்தது. பழைய கல் ஒன்றை எடுத்து வைத்தார். அதுவும் கறுப்பு. இத்தனை வருஷம் எல்லோரும் பார்த்த சிவப்பு கல்லுடையது இல்லை, பின்னால் இருந்த தகட்டுடையது என்று அப்போதுதான் புரிந்தது. தகடோ கருகிப் பொடியாகிக் கிடந்தது. "கௌசல்யா, கௌசல்யா" என்று முணுமுணுத்துக்கொண்டே, மிட்டாய் சுற்றின ஜிகினாத் தாளைக் கத்தரிக்க உட்கார்ந்தார். தாள் கோணல்மாணலாகப் போயிற்று.

"என்னப்பா நாத்தம்? கீழ எல்லாரும் மூக்கைப் பொத்துறாங்க."

மீனு படியேறி வந்து நின்றாள். இரண்டு கையிலும் மருதாணி. காயாததால் கைகளை விரித்தபடியே நின்றாள்.

அவர் இன்னொரு தட்டை எடுத்து ராக்கொடியின் மேல் கவிழ்த்தார். "ஒண்ணுமில்ல மக்களே. நீ கீழ போ."

"தட்டைத் தூக்குங்க."

"ஆறட்டும். ஆறின பெறகு..."

"என் கையில மருதாணி. நீங்களே தூக்குங்க அப்பா."

தூக்கினார். அவள் குனிந்து, பிளந்த நடுக்கல்லைப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"சுதீஷோட அம்மாகிட்ட நான் சொல்லிட்டேனே" என்றாள். பிறகு, "போனை எடுங்க. நான் சொல்ற நம்பரைப் போட்டு என் காதுல பிடிங்க."

பிடித்தார். நடன நகைகளை வாடகைக்குக் கொடுக்கும் கிழக்கேகோட்டைக் கடை அது. கெம்பு ராக்கொடி ஒன்று காலையில் வேண்டும் என்று அவள் மலையாளத்தில் பேசி முடிக்கும்வரை, மகளின் காதோரம் போனைப் பிடித்தபடி நின்றார். கை மரத்துப்போனது.

மறுநாள் மண்டபத்தில் சிவகாமியம்மாள் மணப்பெண்ணின் தலையைப் பார்த்து மூக்கைச் சிந்தினாள். "கௌசல்யாவே வந்து இருக்க மாதிரி இருக்கே!" என்று அந்த வாடகை ராக்கொடியைத் தடவித் தடவி அழுதாள்.

சம்பந்தியம்மா குனிந்து பார்த்தாள். "அச்சன் ரிப்பேர் பண்ணினதா? பார்த்தா தெரியவே இல்லையே!"

"ஆமா, எங்க அப்பாதான்" என்றாள் மீனு. குரலில் ஒரு பிசிறு இல்லை.

பந்தியில் குற்றாலலிங்கம் பாயசத்தைத் தொடவில்லை. அந்நேரம் பார்த்துச் சிவகாமியம்மாள் கைக்குட்டை முடிச்சோடு வந்தாள். "எலே லிங்கம், என் ஜிமிக்கியில ரெண்டு கல்லு ஆடுது. நீ ஒரு கை பாத்துக் கொடு."

"வேண்டாம் அக்கா. நான் செய்யமாட்டேன்."

"ஏன்? மகளுக்குச் செஞ்ச கை அக்காவுக்குச் செய்யாதோ?"

அவர் வாயைத் திறந்தார். எதிரே சம்பந்தியம்மா இலையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே காதை இந்தப் பக்கம் வைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் மீனு பொய்க்காரி ஆவாள்.

"செய்ய மனசில்ல" என்றார்.

அவ்வளவுதான். நாலு மோதிரம் பண்ணத் தெரிந்ததும் கூடப்பிறந்தவளைக்கூட மதிக்காத தலைக்கனம் என்று பந்தி முடிவதற்குள் மண்டபம் முழுக்கப் பரவிற்று. சிவகாமியம்மாள் தாம்பூலப் பையை வாங்காமல் ஆட்டோ ஏறினாள்.

போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். "சார், மோளோட தலையில கை வைங்க. பிளெஸ் பண்ற மாதிரி" என்றான் போட்டோகிராபர்.

கை எழுந்தது. ராக்கொடிக்குச் சற்று மேலே அந்தரத்தில் நின்றது. இறங்க மாட்டேன் என்றது. போட்டோகிராபர் "சார், சார்" என்று அவசரப்படுத்தினான்.

மீனு திரும்பிப் பார்க்கவில்லை. மருதாணிக் கையை மேலே நீட்டி, தடவி, அவர் கையைப் பிடித்து இழுத்தாள். தலையில் இல்லை, தோளில் வைத்துக்கொண்டாள். ஃபிளாஷ் அடித்தது.