நீல டேப் சுற்றிய ஸ்பேனர்

விளக்கை அணைக்கலாம். பேட்டரியை அணைக்க முடியாது. எங்கள் ஷெட்டில் நின்றது லாரி நீளத்துக்கு ஒரு கண்டெய்னர், உள்ளே பேட்டரி அடுக்குகள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு சோலார் பண்ணைக்குப் போக வேண்டியது. டிரெய்லரில் ஏற்றுவதற்கு முன் அடுக்குகளை இணைக்கும் செம்புப் பட்டைகளைக் கழற்றியாக வேண்டும். கழற்றினாலும் ஒவ்வோர் அடுக்கிலும் ஆளைச் சுருட்டிப் போடும் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அதனால் அந்த ஸ்பேனர்களுக்கு உறை உண்டு. மேலே சிவப்பு, அடியில் மஞ்சள். சிவப்பு கிழிந்து மஞ்சள் தெரிந்தால் அந்த ஸ்பேனரைத் தொடக்கூடாது.

அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை; அது இல்லாமல் பட்டையில் யாரும் கை வைக்க முடியாது. இதே கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் இடத்தில் ஏழு வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். ஒரு நாள் ஷிஃப்ட் பாதியில் கேட்டைத் தாண்டி நடந்துவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பகலில் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். இங்கே பகல் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதம் சூப்பர்வைசர் சரவணன் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டால் பகலிலேயே நிரந்தரம்.

அன்று காலையிலேயே கிரேன் வந்துவிட்டது. டிரெய்லருக்கு முன்னால் போகும் பைலட் வண்டியும் கேட்டில் நின்றது. பதினோரு மணிக்குள் கிளம்பாவிட்டால் அது வேறு லோடுக்குப் போய்விடும்.

ஸ்டீவன் பெட்டியைத் திறந்து வைத்தான். மணவாள நகர்க்காரன், எங்களில் வேலை சுத்தமானவன். இந்த லோடோடு போய் அங்கே நான்கு மாதம் இருந்து பேட்டரியைப் பொருத்தப் போகிறவன் அவன்தான். பெட்டியில் எல்லாம் நீல டேப் சுற்றியிருந்தது. எங்கள் ஷெட்டில் ஆளுக்கொரு நிறம். டேப் சுற்றாத சாமான் சாப்பாட்டு நேரத்தில் கால் முளைத்துப் போய்விடும். நானும் அதுவரை நிறத்தைப் பார்த்து எண்ணித்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அன்று பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரில் மட்டும் டேப் புதிதாக, தடிமனாக இருந்தது.

"இன்னா ரகு, பொண்ணு பாக்க வந்தவன் மாரி பாத்துக்கினு கீற?"

"டேப்பப் பிரிக்கணும்."

"பிரிச்சா யாருதுன்னு எப்டித் தெரியும்? போன மாசம் ஒரு செட்டு காணாப் போச்சே, நீயா வாங்கிக் குடுத்த?"

பிளேடால் கீறினேன். அடியில் விரல் நீளத்துக்கு மஞ்சள். அதன் நடுவில் நூல் மாதிரி இரும்பு மின்னியது.

"எப்போ?"

"போன வாரம். கிரேன் கொக்கியில மாட்டிக்கிச்சு." ஸ்டீவன் குரலைத் தணித்தான். "எழுதிக் குடுத்தா புதுசு வர பத்து நாளு. அதுக்குள்ள வேற ஆள அனுப்பிடுவானுங்க. கிளவுஸ் போட்டுக்கினுதான பண்ணப் போறேன்? பேஜாரு பண்ணாத நைனா, போடு."

சரவணன் வந்தார். "மணி பத்தரை. ரெண்டு பேரும் இன்னாய்யா கத பேசிக்கினு கீறீங்க?"

ஸ்பேனரைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"திரும்பச் சுத்து. அங்க போனதும் மாத்திக்கலாம்."

"நான் போட மாட்டேன் சார்."

சோதனைத் தாளில் என் பெயர் அச்சிட்டிருந்தது. வேறு கையெழுத்து செல்லாது.

"சரி. நைட்ல ஆளு கம்மியாக் கீது. திங்கக்கெழமலேந்து அங்க போ. விடிய விடிய இன்னா வேணா பிரிச்சிப் பாத்துக்கினு இரு."

யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பேனா மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன். இரண்டு மாதமாக ராத்திரியில் மனுஷன் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் என் கையெழுத்தை நம்பி ஒருத்தன் உள்ளே போய் வெந்தால் அப்புறம் எந்த ஷிஃப்ட்டிலும் தூக்கம் கிடையாது. தைரியம் எல்லாம் இல்லை, கணக்கு அவ்வளவுதான். பேனாவைப் பையில் போட்டேன்.

பதினோரு மணிக்குப் பைலட் வண்டி வேறு லோடுக்குப் போனது. கிரேன் கையை மடக்கிக்கொண்டது. ஸ்டீவன் பெட்டியை உதைத்தான். "உன் கையா வேவப் போவுது? எங்கை. உனக்கு இன்னா?" என்றான்.

மதியம் பலகையில் எழுதினார்கள். பக்கத்துக் கம்பெனியில் ஸ்பேனர் இரவல் வாங்கி, மறுநாள் லோடு போகும். ஸ்டீவனுக்குப் பதில் கூடப் போவது அன்புசெல்வன். அதற்கு அடுத்த வரியில் திங்கள் நைட் ஷிஃப்ட், என் பெயர்.

ஒதுக்கிய ஸ்பேனரை இரண்டாக அறுத்துவிட வேண்டும். இல்லையென்றால் குப்பையிலிருந்து எழுந்து யார் பெட்டிக்காவது திரும்பிவிடும். சாயங்காலம் வைஸில் கவ்வவிட்டு ரம்பத்தைப் போட்டேன். நல்ல இரும்பு, லேசில் அறுபடவில்லை. ஸ்டீவன் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"இன்னும் முடியல?"

"பாதிதான்."

ஸ்பேனர் ஆடிக்கொண்டே இருந்தது. அவன் பையை இறக்கி வைத்துவிட்டு மறுமுனையை அழுத்திப் பிடித்தான்.

"சீக்கிரம் அறு. ஆறு மணி வண்டி போயிடும்."