பிரிட்ஜின் பின்னால் ஒரு கீறல்

புதுப் பலகை ஒன்றை மாட்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் போதும், இந்தக் காலத்து ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு நம்பிவிடுகிறார்கள். கேள்வி கேட்கிறவனைத்தான் கிறுக்கன் என்கிறார்கள். பம்புக்காரருக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஊர் சுகாதார அலுவலகத்தில் சாக்கடைக்குக் கொசு மருந்து அடித்தவர் அவர். வெளியிலிருந்து வந்த மானியம் தீர்ந்ததும் பம்பையும் வாங்கிக்கொண்டு ஆளையும் அனுப்பிவிட்டார்கள். இப்போது அதே அலுவலகத்துக்கு வேறொரு மானியம் வந்திருக்கிறது. அவருடைய மகள் தையல் கம்பெனியின் நிரந்தர வேலையை உதறிவிட்டுத் தடுப்பூசி போடும் வேலைக்கு அங்கே சேர்ந்திருக்கிறாள். கம்பெனி மேஸ்திரி அவளுடைய இடத்தை இன்று சாயங்காலம் வரைதான் வைத்திருப்பாராம். அதற்குள் அவளைத் திருப்பி அனுப்பியாக வேண்டும்.

மானியக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனது நேற்று. அவர்கள் வருகிற நாளில் பக்கத்து ஊர்களில் சாமான்களை இரவல் வாங்கி அடுக்குவதும், கார் போனதும் திருப்பிக் கொடுப்பதும் பழைய வழக்கம். இரவல் மைக்ராஸ்கோப்பைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியவரே பம்புக்காரர்தான். அதனால்தான் போன வாரம் மகளுக்குச் சோறு கொண்டுபோன சாக்கில், புதுத் தடுப்பூசி பிரிட்ஜின் பின்பக்கம் அடையாளத்துக்குச் சாவியால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தார்.

இன்று மறுபடியும் போனபோது பிரிட்ஜ் இருந்த அறையில் யாரும் இல்லை. குனிந்து பார்த்தார். பிரிட்ஜும் இருந்தது, கீறலும் இருந்தது.

"இதுக்கெல்லாம் மயங்குவேனா?" என்று முனகினார். உள்ளே காலியாக இருந்தால்? மேல்மூடியைத் தூக்கித் தலையால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, கூடை கூடையாக வெளியே எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் மருந்துக் குப்பிகள். அடிக்கூடையும் காலி இல்லை என்று பார்த்த பிறகுதான் திருப்பி அடுக்க ஆரம்பித்தார். எது எங்கே இருந்தது என்பது மறந்துபோயிற்று.

வாசலில் ஸ்கூட்டர் சறுக்கி நின்றது. ஹெல்மெட்டோடு மகள் ஓடிவந்தாள். பின்னாலேயே பெரிய நர்ஸம்மா.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"பாக்குறேன்."

"பாக்குறதுக்கு இதென்ன ஜவுளிக்கடையா? அடுத்த தெருவுல குழந்தைக்கு ஊசி போட்டுட்டு நிக்கிறேன், மூடி திறந்திருக்குன்னு பெட்டியிலேர்ந்து சேதி வந்து செல்லு கத்துது!" பேசிக்கொண்டே கூடைகளை அதனதன் இடத்தில் இறக்கி மூடினாள். வெப்பமானியைப் பார்த்தாள். ஒவ்வொரு குப்பியின் மேலும் ஒட்டியிருந்த, சூடு பட்டால் நிறம் மாறும் சின்ன அடையாளத்தையும் பார்த்தாள். "தப்பிச்சுது. ஒண்ணும் கெடலை."

நர்ஸம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "முன்னாடியெல்லாம் கரண்டு போனாக்கூட காலையிலதான்யா தெரியும். மருந்தை மொத்தமா கொட்டுவோம். நான் ஒருத்தி எதைன்னு பாப்பேன்? இப்ப உங்க பொண்ணு மாதிரி ஆளுங்க இருக்குறதாலதான் மூச்சு விடுறேன்."

"மானியம் நின்னா அந்த மூச்சை எங்க போய் விடுவீங்க?" என்றார் பம்புக்காரர்.



"அப்பா, மானியம் நின்னாலும் பழகின ஆளுங்களைச் சுகாதாரத் துறையே எடுத்துக்கும்னு இந்தத் தடவை ஒப்பந்தத்துலயே போட்டிருக்காங்க."

"எங்கிட்ட வாயால சொன்னான். உங்கிட்ட எழுதிச் சொல்றான். அவ்வளவுதான் முன்னேற்றம். மேஸ்திரி காத்துட்டிருக்காரும்மா."

மகள் அவரையே பார்த்தாள். பிறகு அவர் எதிரிலேயே செல்லை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டாள். "அண்ணே, என் மெஷினை வேற யாருக்காவது குடுத்துருங்க."

செல்லைப் பைக்குள் போட்டவள், "எனக்கும் பயம்தான்ப்பா. ஆனா இங்கதான் இருக்கப்போறேன். அங்க பாதிப் பேரு ஊசி போடாம நிக்குறாங்க, வரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

பம்புக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, குனிந்து, அந்தக் கீறலைச் சாவியால் இன்னும் ஆழமாக இழுத்தார்.

"அட, புதுப்பெட்டிய்யா!" என்று நர்ஸம்மா பதறினாள்.

"புதுசு, இன்னைக்கு. அடுத்த வருஷமும் வருவேன். பெட்டி இருக்கா, என் பொண்ணு இருக்காளான்னு பாத்துட்டு அப்புறம் பேசிக்கலாம்."

சாவியை மடியில் செருகிக்கொண்டு, வாசலில் மாட்டியிருந்த புதுப் பலகையை ஏறிட்டும் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.