அக்காவின் ரத்தத்தில் ஈஸ்ட்

கிருமிக்குப் பெயர் சொல்லும் மெஷினை எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் ஜோசியர் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜோசியர் மழுப்புவார், இது மழுப்பாது. தெரிந்தால் பெயரையும் மதிப்பெண்ணையும் சொல்லும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லும். அந்த நேர்மை மனிதர்களிடம் இருந்தால் நான் ஏன் எல்லோரிடமும் எரிந்து விழப்போகிறேன்?

அக்கா குடல் ஆபரேஷன் முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தாள். காய்ச்சல் விடாமல் அடித்தது. ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்ததில் ஈஸ்ட். மாவைப் பொங்க வைக்கிற சாதுவுக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் ரத்தத்தில் புகுந்தால் ஆளையே முடித்துவிடுவான். அவனில் பல இனம் உண்டு. ஒன்றுக்குக் கேட்கிற மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. பெயர் தெரியாமல் மருந்து கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவைக் கடக்கிற காரியம்.

அக்கா என்றதும் வேலையை வேறு யாரிடமும் விட மனசு வரவில்லை. வளர்ப்புத் தட்டில் கொழுகொழுவென்று இருந்த ஒரு புள்ளியைக் குச்சியால் தொட்டு, எஃகுத் தகட்டில் மெல்லிசாகத் தடவினேன். ஈஸ்டுக்குத் தோல் தடிப்பு, அதை உடைக்க ஒரு சொட்டு ஃபார்மிக் அமிலம். காய்ந்ததும் லேசரை உள்வாங்குகிற திரவம். மெஷினுக்குள் லேசர் பட்டதும் புரதங்கள் குழாய்க்குள் பறக்கும். இலேசானது முந்தும், கனமானது பிந்தும். எது எப்போது வந்து சேருகிறது என்பதை வைத்து இனத்தை அடையாளம் காணலாம். கேண்டிடா அல்பிகன்ஸ் என்று திரையில் வந்தது, நல்ல மதிப்பெண்ணோடு. பெரும்பாலும் வழக்கமான மருந்துக்கே அடங்குகிறவன்.

அக்கா இருந்த பிரிவின் டாக்டர் என் கணவர்தான். போனில் சொன்னேன்.

"நிச்சயமா?"

"நான் எப்பவாவது தப்பா சொல்லியிருக்கேனா?"

"வீட்லயா, லேப்லயா?"

"போனை வைங்க."

மருந்து ஏறியது. காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் அவரே ஆய்வகத்துக்கு இறங்கி வந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"உங்கக்காவுக்கு பிரஷர் விழுது. அந்தப் பேரு சரிதானே?"

"மெஷின் தப்பு பண்ணாது. கழுத்து நரம்புல போட்ட குழாயில கிருமி ஒட்டிக்கிட்டிருக்கும், அதை மாத்தினீங்களா?"

"அன்னைக்கே மாத்தியாச்சு."

"அப்ப உங்க மருந்தோட அளவைப் பாருங்க. என் வேலையில குறை தேடாதீங்க."

அவர் திரும்பி மாடியேறிப் போய்விட்டார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. என் பக்கம் சரி என்று காட்டிவிட வேண்டும் என்றே அந்தத் தட்டை எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன்.

பெரிய புள்ளிகளுக்கு இடையில் பொடிப்பொடியாக, பளபளப்பில்லாமல் வேறு புள்ளிகள். மெதுவாக வளர்கிற ஜாதி. அன்றைக்கே துளித்துளியாக இருந்திருக்கும், என் கண்தான் கொழுத்ததைப் பார்த்ததும் அதோடு நின்றுவிட்டது. ஒரு பொடிப் புள்ளியைத் தொட்டுத் தடவி உள்ளே வைத்தேன். கேண்டிடா கிளாப்ராட்டா. வழக்கமான மருந்துக்கு எளிதில் மசியாதவன். மெஷின் பொய் சொல்லவில்லை. நான் கொடுத்ததற்கு அது பெயர் சொன்னது, அவ்வளவுதான்.

போனை எடுத்தேன். "ரெண்டு இனம் இருக்கு. நான் ஒண்ணைத்தான் எடுத்தேன். ரெண்டுக்கும் கேக்கற மருந்தா மாத்துங்க, இப்பவே."

"சரி," என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். அக்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள், உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் நின்ற கணவரிடம் கேட்டேன்.

"காய்ச்சல் இறங்கலைன்னதுமே நீங்களா மருந்தை மாத்தியிருக்கலாமே? தோணலையா?"

"தோணிச்சு. உங்கக்காகிட்ட சொன்னேன். தங்கச்சி என்ன சொல்றான்னு கேட்டாங்க. அவ உறுதியா இருக்கான்னேன். அப்ப அவ சொன்னபடியே செய்யுங்கன்னாங்க. பிரஷர் விழற வரைக்கும் எனக்கும் அதுக்கு மேல யோசிக்கத் தோணலை."

அந்த உடம்போடு அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்த தடவை சந்தேகம் வந்தா என்னை நம்பாதீங்க. திரும்பப் பாருடின்னு சொல்லுங்க."

"அதைச் சொல்லத்தான் அன்னைக்குக் கீழ வந்தேன்," என்றார். "நீ எங்க பேச விட்ட?"