ஒன்பது நாள் பூட்டு

"இங்க மட்டும் ஏம்மா ஒன்பது பக்கம் வெறுமையா இருக்கு?" என்று கேட்டார் கம்பெனி ஆய்வாளர்.

குளிர்ப்பெட்டியின் குளிரை நாள் தவறாமல் குறித்து வைக்கும் நோட்டு அது. கடையை நடத்தும் அக்கா அதை வாங்கிப் பார்த்தாள்.

"அந்த ஒன்பது நாளும் ரெண்டாவது கடையை மூடியிருந்தோம் சார்."

"ஏன், வீட்ல ஏதாவது துக்கமா?"

"அதெல்லாம் இல்லை. தலைமைச் சமையல்காரரைத் தம்பி திறக்கப்போற முதல் கிளைக்கு அனுப்பினேன். அவன் ஆளுங்களுக்குக் கை பழகணுமே. அரைகுறையா சமைச்சு உங்க கம்பெனி பேரைக் கெடுத்துடக் கூடாதுன்னுதான்..."

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷர்.

இந்த வட்டாரம் முழுக்கக் கம்பெனி பேரில் உணவகம் நடத்தவும், பிறருக்குக் கிளை பிரித்துக் கொடுக்கவும் உரிமை வாங்கியவள் அக்கா. ஆனால் கிளை கொடுக்கும் முன் தன் இரண்டு கடைகளை ஒரு முழு வருஷம், ஒரு நாள் விடாமல், நடத்திக் காட்ட வேண்டும். பத்து மாதம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நடத்தினாள். பதினோராவது மாதம் தம்பிப் பாசம் வந்து அந்தக் கண்ணையே மறைத்துவிட்டது.

"முதல்லேருந்து எண்ணணும்மா."

"எண்ணுறேன் சார். இன்னும் ஒரு வருஷம்தானே?"

"முதல் கிளை திறக்க உங்களுக்கு இருக்கிற கெடு இன்னும் நாலு மாசம்தான். தாண்டினா வட்டார உரிமையே வேற கைக்குப் போயிடும். கையெழுத்துப் போட்டப்பவே ஒப்பந்தத்துல இருந்ததுதான்."

"மேலிடத்துக்கு ஒரு வரி எழுதிப் பாருங்களேன்."

"எழுதறேன். என்ன பதில் வரும்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

இரண்டு தெரு தள்ளி, பதினாலு வருஷ அச்சக வேலையை உதறிவிட்டு வந்த தம்பி ஏணிமேல் நின்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா மூஞ்சி இது? ஆய்வாளர் உப்பு ஜாஸ்தின்னாரா?"

"கீழ இறங்குடா."

"பலகை கோணலா இருக்கா, அதை முதல்ல சொல்லு."

அவள் நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திருப்புளியைப் பிடித்தபடியே கேட்டான்.

"எனக்காகவா மூடினே?"

"ஆமா."

"நான் கேட்கவே இல்லையேக்கா."

"நீ எங்கடா எதையாவது வாயைத் திறந்து கேட்டிருக்கே."

"உன் கடை ரெண்டும்?"

"கெடு முடிஞ்சா அதுலயும் இந்தப் பலகை இருக்காது."

உள்ளேயிருந்து அவன் ஆள் ஒருவன் எட்டிப் பார்த்தான். "அண்ணே, திறப்பு நாளன்னிக்கு அடுப்பை எத்தனை மணிக்குப் பத்த வைக்கணும்?"

தம்பி பலகைப் பக்கம் திரும்பினான்.

"ஏணியைப் பிடிச்சுக்கோக்கா," என்றான் தம்பி. "ரெண்டு திருகு மாட்டிட்டேன், கழட்டணும்."

பிடித்துக்கொண்டாள். முதல் திருகு அசையவே இல்லை.

"புதுசாச்சே," என்றான், "இறுக்கமா இருக்கு."