முதலில் நீலம்

"இடிச்சா அதுக்கு வலிக்காதாம்மா?"

அதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. முப்பத்தைந்து வருஷம் கழித்து, அம்மாவின் உடலைக் கூடத்தில் கிடத்தியிருக்க, அதே கேள்வியை, அம்மா வேலை பார்த்த வேதியியல் துறையின் தலைவர் குழந்தைக் குரலில் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் அம்மாவின் காலருகே உட்கார்ந்து போர்வை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

துறைத்தலைவர் நல்ல மனிதர், கதை சொல்லத் தெரிந்தவர். அக்கம்பக்கத்தாருக்கும் புரியும்படி சொன்னார். தங்கமும் வெள்ளியும் சேர்ந்த ஒரு சேர்மம். பார்த்தால் கல்லுப்பு மாதிரி இருக்கும். புறஊதா விளக்கைக் காட்டினால் ஒளிவிடும். ஒரு விடுமுறை நாளில் அம்மா அந்தப் படிகங்களை விளக்கடியில் வைத்து, சின்னக் கல்வத்தில் அரைத்துக்கொண்டிருந்தாள். துணைக்குப் போயிருந்த மகள் முக்காலியில் ஏறி எட்டிப் பார்த்தாள். முதலில் நீலமாக இருந்தது, இடிக்க இடிக்கப் பச்சையாகிவிட்டதே, வலிக்காதா என்று கேட்டாள். அம்மாவின் கை அப்படியே நின்றது. அழுத்தினால் நிறம் மாறுகிற ஒளி. ஒரு சொட்டுக் கரைப்பானை விட்டால் பழைய நீலத்துக்கே திரும்பிவிடும். அம்மா வாழ்நாள் முழுக்கச் செய்த ஆராய்ச்சி அந்த ஒரு கேள்வியில் பிறந்தது.

"அந்தக் கேள்விப் பாப்பாதான் இதோ உக்காந்திருக்கு," என்று முடித்தார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவள் தலையை வருடினாள்.

நாற்பத்தொரு வயதிலும் அவள் ஆய்வகத்தாருக்குக் கேள்விப் பாப்பாதான். பள்ளிக்கூடத்தில் வேதியியலில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். இப்போது பல் ஆஸ்பத்திரி ஒன்றின் முன்மேசையில் உட்கார்ந்து, வீங்கின கன்னத்தோடு வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறாள். வேறு பெருமை என்று எதுவும் அவளுக்கு வாய்க்கவில்லை. கல்யாணத்தில் இந்தக் கதையைத்தான் சொன்னார்கள். மாமியார் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் காபி ஆறுவதற்குள் கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விதான் அவள் போட்டுக்கொண்ட ஒரே நகை.

அது இரண்டு நாளாகக் குத்திக்கொண்டிருந்தது.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில், ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தக் கேள்வி கேட்டியே... அப்ப எனக்குப் புதுசா ஒண்ணும் தோணலடி. அவன் ஞாபகம்தான் வந்துது."

"யாரும்மா?"

"நீலம்."

மூச்சு வாங்க வாங்க அம்மா சொன்னாள். அந்தச் சேர்மத்தை முதலில் செய்தவன் அவளிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்த மாணவன். குடுவையிலிருந்து எடுத்த படிகங்களை அப்படியே விளக்கின் கீழ் வைத்துப் பார்த்து, நீலம் என்று நோட்டில் எழுதினான். அம்மா தன் வழக்கப்படி மாவாக அரைத்துவிட்டுப் பார்த்தாள், பச்சை. திரும்பப் பார்க்கச் சொன்னாள். திரும்பவும் நீலம் என்றான். ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும், முதலில் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வா என்றாள். அன்றிலிருந்து அவனுக்கு நீலம் என்பதே பெயராகிவிட்டது. ஆறு மாதத்தில் படிப்பை விட்டுப் போனான். இரண்டு பேர் கண்டதும் சரிதான். நடுவில் ஒரு கல்வம் இருந்தது; அதை இரண்டு பேருமே நினைத்துப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் மகள் கேட்ட பிறகுதான் அம்மா அந்த நோட்டைத் தேடி எடுத்தாள்.

"முதல் பேப்பர்ல அவன் பேர எழுதாம விட்டுட்டேன். ரெண்டாவதுல எழுதினா, முதல்ல ஏன் எழுதலன்னு கேப்பாங்க. அப்படியே போயிடுச்சு. ஒருநாள் போன் போட்டேன். நல்லாருக்கீங்களா மேடம்னு கேட்டான். நல்லாருக்கேன்னு சொல்லி வச்சிட்டேன்."

அவள் ஸ்பூனைக் கையில் வைத்தபடியே இருந்தாள்.

"உன்கிட்ட சொல்லிட்டேன்," என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இதைச் செய், அதைச் செய் என்று ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது வாசலில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. பழைய ஆய்வகத்துக்காரர் ஒருவர், "அட, நீலமா? இன்னும் அதே கலர்தானா?" என்று வந்தவரின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். வந்தவர் அறுபது வயதுக்காரர். தடித்த கண்ணாடி. சட்டைப்பையில் சாக்பீஸ் தூள் படிந்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். அவரும் சிரித்துவைத்தார். பிறகு அம்மாவின் எதிரில் வந்து, கைகட்டி நின்றார். திட்டு வாங்க வந்த மாணவன் மாதிரி நெடுநேரம் நின்றார்.

தண்ணீர் எடுக்க அவள் சமையலறைக்குப் போனபோது, காலி டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"என்னை ஞாபகம் இருக்காதும்மா உங்களுக்கு."

இருக்கிறது என்றாள். பொய்.

"வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு உங்க கதையத்தான் சொல்றேன். மார்க் அப்புறம், முதல்ல கேள்வி கேக்கப் பழகுங்கடான்னு. பசங்க கைதட்டுவாங்க."

அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் செம்பு நிறைந்து வழிந்தது. அவர்தான் கையை நீட்டிக் குழாயை மூடினார்.

"சார், நீங்க நீலம்னு பாத்தது சரிதானே?"

அவர் டம்ளர்களை ஒன்றொன்றாகத் தொட்டியில் வைத்தார்.

"சரிதாம்மா. மேடத்தோட பேப்பர் வந்ததும் படிச்சேன். அப்பாடா, கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு இருந்துது." கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். "இது அதுக்கப்புறம் வந்தது."

"அம்மா உங்களப் பத்தி..."

கூடத்திலிருந்து அப்பா அவளைக் கூப்பிட்டார். வண்டி வந்துவிட்டது. ஆண்கள் எழுந்தார்கள். அவர் அவசரமாகப் போய் ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

எல்லாம் முடிந்து, குளித்து, ஆளாளுக்குக் கிளம்பிப் போனபோது மணி மூன்று. கணவர் பெரியம்மாவை ரயிலேற்றப் போயிருந்தார். அப்பா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

துறைத்தலைவர் கொடுத்துவிட்டுப் போன தாள் எதிரே இருந்தது. துறை நடைபாதையில் அம்மாவின் சேர்மத்தை ஒரு கண்ணாடிப் பெட்டியில் விளக்கோடு வைக்கப் போகிறார்கள். பக்கத்துச் சுவருக்கு ஐந்து வரி வேண்டும். அவள் கையெழுத்தையே பெரிதாக்கிச் சுவரில் பதிப்பார்களாம். "நீ எழுதினாத்தாம்மா அதுக்கு அழகு," என்று சொல்லியிருந்தார். தாளின் தலையில் "பாப்பாவின் கேள்வி" என்று அச்சடித்திருந்தது. முகவரி எழுதித் தபால்தலை ஒட்டின உறையும் கூடவே இருந்தது.

மருந்துக்கடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். பழைய கதை தானாக வந்தது. இரண்டு வரியில் முக்காலி வந்துவிட்டது, மூன்றாவதில் வலிக்காதா வந்துவிட்டது. படித்துப் பார்த்தாள். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இதை அனுப்பினால் யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. அவரே வகுப்புப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து சுவரைக் காட்டுவார்.

அந்த நினைப்பு வந்ததும் சீட்டை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

அவருடைய முழுப்பெயர் அவளுக்குத் தெரியாது. வந்தவர்கள் கையெழுத்திட வைத்திருந்த நோட்டைப் புரட்டினாள். பேராசிரியர்கள் பெயருக்குக் கீழே பட்டங்களும் பதவிகளும் இருந்தன. கடைசிப் பக்கத்தில், குண்டு குண்டான கரும்பலகை எழுத்தில், இன்ஷியலோடு ஒரு பெயர். அதன் கீழே, "மேடத்தின் மாணவன்."

அச்சடித்த தலைப்பை ஒரே கோட்டில் அடித்தாள். கையெழுத்து கோணாமல் இருக்க வேண்டும் ஆண்டவனே என்று மட்டும் வேண்டிக்கொண்டு எழுதினாள்.

இந்தச் சேர்மம் அரைக்கும் முன் நீலமாகவும் அரைத்த பின் பச்சையாகவும் ஒளிரும் என்பது முதல் வரி. நீலத்தை முதலில் கண்டு சொன்னவர் என்று தொடங்கி, இன்ஷியலைச் சரிபார்த்து, அவர் பெயரை எழுதினாள். அம்மா அப்போது நம்பவில்லை என்றும், ஓராண்டுக்குப் பின் அவர் கண்டது சரி என்று தெரிந்துகொண்டார் என்றும் எழுதினாள். ஐந்தாவது வரிக்குப் பேனா தயங்கியது. இதை எழுதச் சொன்னவர் அம்மா என்று போட்டால் அம்மாவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அம்மா அப்படிச் சொல்லவில்லை. "இதை என்னிடம் சொன்னவர் அம்மா" என்று எழுதினாள். அதுவே அம்மாவுக்குப் போதுமான மரியாதையாகத் தெரிந்தது.

ஐந்து வரியும் நிறைந்துவிட்டது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதில் இடமில்லை.

உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். உள்ளறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, தெருமுனை வரை நடந்தாள். வெயிலுக்குத் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. தபால்பெட்டிக்குள் உறை விழுந்த சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் அங்கேயே நின்றாள்.

ஒரு பஸ் வந்து, ஏறத்தான் நிற்கிறாள் என்று நினைத்து, அவள் முன்னால் நின்றது. கதவு திறந்தது. அவள் தலையை அசைத்தாள். ஓட்டுநர் அவள் முகத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் கதவை மூடினார்.