உனக்கும் நிக்குதா?

அப்பா பன்னிரண்டு நாளாகப் பயிற்சி செய்யவில்லை என்று அம்மா போனில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன்.

அவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. இந்த மாதங்களை விட்டுவிட்டால் வலது கையை மீட்பது கஷ்டம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். அவர் கடைசியாக வீட்டுக்கு வந்தபோது செய்து காட்டியதைப் புதுப் போனில் படம் பிடித்து, பென் டிரைவில் ஏற்றி, டிவியோடு இருந்த பழைய மீடியா பிளேயரில் செருகிவிட்டுப் போயிருந்தேன். அதைப் பார்த்துச் செய்ய வேண்டியதுதான்.

"போட்டு விட்டுட்டு நான் அடுப்படிக்குப் போயிடுவேன்," என்றாள் அம்மா. "திரும்பி வந்தா பொம்மை மாதிரி உக்காந்திருக்கார். இப்பல்லாம் டிவி பக்கமே திரும்பறதில்ல. வாயைத் திறந்து ஏன்னு சொன்னா முத்தா உதிர்ந்திடும்?"

அப்பா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடியோவைப் போட்டேன். பிசியோதெரபிஸ்ட் கையைத் தூக்கினார். தோளுக்கு வந்ததும் கை உறைந்து நின்றது. பிறகு ஒரே தாவலில் தலைக்கு மேலே இருந்தது. எண்ணுகிற குரல் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

பிளேயரை அணைத்துப் போட்டேன். கேபிளை மாற்றினேன். பெட்டி சூடாக இருந்தது. அலமாரியிலிருந்து வெளியே எடுத்துக் காற்றாட வைத்தேன். எதற்கும் வீடியோ சரியாகவில்லை.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். மனுஷன் அசையாததுக்குப் பெட்டி என்னடா பண்ணும்?" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

எனக்கு அலுப்பாக இருந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உனக்கும் நிக்குதா?"

அப்பாதான். திரும்பிப் பார்த்தேன்.

"அந்தக் கை. நடுவுல நிக்குதே. உனக்கும் அப்படித்தான் தெரியுதா?"

"ஆமாப்பா. யார் பாத்தாலும் நிக்கும்."

அவர் சன்னலை விட்டு டிவி பக்கம் திரும்பினார்.

"என் தலைக்குள்ளதான் நிக்குதுன்னு நெனச்சேன். மறுபடியும் வருதோன்னு."

"சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா திரும்ப ஆஸ்பத்திரியில கொண்டு போய்ப் போடுவீங்க."

அதே பென் டிரைவில் கிடந்த ஒரு பழைய வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் போல ஓடியது. அப்படியானால் பெட்டியில் குறை இல்லை. அப்பாவுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று, போனில் இருந்த உச்சத் தரத்தில் வைத்துப் பிடித்தவன் நான். அவ்வளவு பெரிய கோப்பை அந்தக் கிழட்டுப் பெட்டியால் இழுக்க முடியவில்லை. அவர் பன்னிரண்டு நாள் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்ததற்கு என் அக்கறைதான் காரணம்.

மடிக்கணினியில் போட்டுத் தரத்தைக் குறைத்தேன். நாற்பது நிமிடம் பிடித்தது. திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுபடி பிளேயரில் போட்டபோது முகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. ஆனால் கை எங்கும் நிற்காமல் மேலே போய், கீழே வந்தது.

"உனக்கும் ஓடுதா?"

"ஓடுதுப்பா."

அவர் வலது கையைத் தூக்கினார். அது நடுங்கிக்கொண்டே தோள்வரை வந்து நின்றது.

"இது பெட்டி இல்ல," என்றார். "இது நான்தான்."

கையை இறக்கிவிட்டு, அடுத்த எண்ணுக்கு மறுபடி தூக்கினார்.